சிகாகோவும் பெரம்பூரும்

மே தினக் கொடியேற்றம் முடிந்து, கடம்பத்தூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் தோழர்கள் சிலருடன் அமர்ந்திருந்தோம். கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் சிகாகோ, சிகாகோ என்று சொன்னார்கள். நாமும் சொன்னோம். அதைக் கேட்டுக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர், காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி, இருபத்து மூன்று வயதுக்கு மேல் இராது, கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வருஷா வருஷம் சிகாகோன்னு சொல்றீங்க. அந்த ஊரு எந்தத் திசையில இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. அந்த ஊருக்கும் நமக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?”

பக்கத்தில் இருந்த மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னப்பா, இப்படிக் கேட்டுட்டே!” என்றார். நாம் அவரைத் தடுத்தோம். கேட்டவர் மீது குற்றம் இல்லை. குற்றம் நம் மீது. ஆண்டுதோறும் கொடி ஏற்றுகிறோம், முழக்கம் எழுப்புகிறோம். ஏன் ஏற்றுகிறோம், எதற்காக எழுப்புகிறோம் என்று எடுத்துச் சொன்னோமா? சொல்லவில்லை. அன்று ரயில் வரும்வரை சொல்ல முடிந்ததைச் சொன்னோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறோம். அந்தத் தம்பிக்கு மட்டுமல்ல, அவரைப் போல் கேட்க நினைத்துக் கேட்காமலே போன தோழர்கள் அத்தனை பேருக்கும்.

ஏரிக்கரை ஊர்

சிகாகோ, அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மிச்சிகன் என்னும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. 1833ஆம் ஆண்டில் அது சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். 1890இல் அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இடையில் 1871இல் ஒரு பெருந்தீ நகரின் நடுப்பகுதியையே சாம்பலாக்கியது. அதற்குப் பிறகும் அந்த வளர்ச்சி!

மந்திரத்தாலா வளர்ந்தது? இல்லை. ரயிலால் வளர்ந்தது. நாட்டின் நாலா பக்கத்து ரயில் பாதைகளும் வந்து கூடிய இடம் அது. ஆடும் மாடும் பன்றியும் வந்து இறங்க 1865இல் ஒரு மாபெரும் கால்நடைக் கிடங்கு திறந்தார்கள். இறைச்சி ஆலைகள் எழுந்தன, உருக்காலைகள் எழுந்தன, ரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. ஆலைகளுக்கு ஆள் வேண்டுமே! ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், அயர்லாந்திலிருந்து வந்தார்கள், போலந்திலிருந்து வந்தார்கள். ஊர் விட்டு வந்தவர்கள், உழைப்பைத் தவிர வேறு உடைமை இல்லாதவர்கள். அவர்கள் கட்டிய நகரம் சிகாகோ.

அவர்கள்தாம் 1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையோடு வீதிக்கு வந்தார்கள். மே 3ஆம் நாள், மெக்கார்மிக் அறுவடைக் கருவித் தொழிற்சாலையின் வாயிலில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். கூட்டம் முடியும் நேரத்தில் போலீஸ் படை வந்தது. எங்கிருந்தோ ஒரு குண்டு விழுந்தது. யார் எறிந்தார்கள் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் எட்டுப் பேர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், எங்கல் ஆகிய நால்வர் 1887 நவம்பர் 11ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் சிறையிலேயே மாண்டார். எஞ்சிய மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்டு விடுதலை செய்தார். நடந்தது நேர்மையான விசாரணை அல்ல என்று எழுதியே விடுதலை செய்தார். தூக்கில் தொங்கிய நால்வர் திரும்பி வந்தார்களா?

இதுதான் சிகாகோ. சரி, நமக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் தேடினால் பல கிடைக்கும். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1893இல் சிகாகோவில் பேசிய விவேகானந்தர் 1897இல் வந்து தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். பனிக்கட்டிச் சம்பந்தமும் உண்டு. பேச்சுச் சம்பந்தமும் உண்டு. நாம் சொல்ல வந்தது அவை அல்ல, வியர்வைச் சம்பந்தம். அதைப் பார்க்க அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற வேண்டாம். கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் போதும்.

நம் ஊர் வழியே போன பாதை

தினந்தோறும் நாம் ஏறி இறங்கும் இந்த ரயில் பாதை எளிய பாதை அல்ல, தோழர்களே. தென்னாட்டின் முதல் ரயில் பாதை இது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்டது. திறப்பு விழாவின்போது ஆளுநர் ஹாரிஸ் பிரபு ஒரு வண்டியில் போனார். மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை ஓடியது. தண்டவாளம் போட மண் சுமந்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாதை மட்டும் இருக்கிறது.

கடம்பத்தூரிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 50 கிலோமீட்டர். விடியற்காலை வண்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே பாருங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு பாடம்.

ஆவடி வருகிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட இடம். அதே ஆவடியில் 1960களில் டாங்கித் தொழிற்சாலை எழுந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் வருகிறது. சைக்கிள் தொழிற்சாலையும், 1960களில் பிறந்த தொழிற்பேட்டையும், லேத் பட்டறைகளும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தன! அடுத்து பெரம்பூர் வட்டாரம். ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பழம்பெரும் பணிமனை ஒரு பக்கம். 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு திறந்து வைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை மறு பக்கம். 2018இல் முதல் வந்தே பாரத் ரயிலை உருவாக்கியவையும் அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர் கைகள்தாம்.

பெரம்பூரைத் தாண்டினால் ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகை: வியாசர்பாடி ஜீவா. தொழிலாளர் தலைவர் ஜீவானந்தத்தின் பெயர் அது. தினம் ஆயிரம் பேர் அந்தப் பெயரைப் படித்துக் கொண்டே போகிறார்கள். அவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பிறகு பேசின் பாலம். பிறகு கடைசி நிலையம். மின்சார வண்டிகள் வந்து நிற்கும் அந்த இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதம் எரிந்து போயிற்று. பழைய புத்தகம் முதல் பழைய செருப்புவரை ஏழைக்கு எட்டும் விலையில் கிடைத்த அங்காடி அது.

தறி எழுப்பிய பட்டினம்

சென்னையை எழுப்பியவர் யார் என்றால் பள்ளிப் புத்தகம் பிரான்சிஸ் டே என்று சொல்லும். 1639இல் நாயக்கரிடமிருந்து இடம் பெற்றவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் எதற்காக அந்த மணல் மேட்டில் இடம் பிடித்தார்கள்? துணிக்காக! நம் நெசவாளர் நெய்த துணிக்குச் சீமையில் அவ்வளவு கிராக்கி.

கோட்டை மட்டும் கட்டினால் துணி வந்துவிடுமா? நெய்பவர் வேண்டும், சாயம் தோய்ப்பவர் வேண்டும், வெளுப்பவர் வேண்டும். ஆகவே ஆட்களை அழைத்து வந்து குடியேற்றினார்கள். கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் நெசவாளர்களுக்காக உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த கோலட் பெயரால் திருவொற்றியூர்ப் பக்கம் எழுந்த நெசவாளர் ஊர் கோலட்பேட்டை. அது நம் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. வெள்ளைத் துரையின் பெயர் தேய்ந்தது; உழைத்தவரின் பேட்டை நிலைத்தது!

கோட்டைக்குள் வெள்ளையர் பட்டினம். வெளியே கறுப்பர் பட்டினம். நெய்தவர் வெளியே, விற்றவர் உள்ளே. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று 1688ஆம் ஆண்டைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த நகரத்தின் சாக்கடையை அள்ளியவர் எந்தச் சேரியில் வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கிராமங்கள் காலியாகின; எலும்பும் தோலுமாக மக்கள் பட்டினத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றி வெட்ட வைத்த கால்வாய், நகரத்தின் நடுவே இன்றும் நாறிக் கொண்டு கிடக்கிறது. பெயர் பக்கிங்காம் கால்வாய், அன்றைய ஆளுநரின் பெயர். அதே காலத்தில்தான் துறைமுகத்துக்குக் கல் இறக்கத் தொடங்கினார்கள். 1881இல் புயல் வந்து அதை உடைத்தது, மீண்டும் கட்டினார்கள். அதே காலத்தில்தான் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை எழுந்தது. அடுத்துக் கர்னாட்டிக் ஆலை. பின்னி கம்பெனியின் அந்த இரண்டு ஆலைகளையும் சேர்த்து மக்கள் பின்னி மில் என்றே சொன்னார்கள்.

பெரம்பூரில் பிறந்தது

அந்த ஆலைக்குள் நிலைமை என்ன? 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைத் தொழிலாளிக்கு வைத்த உச்ச வரம்பு, நாளொன்றுக்கு 12 மணி நேரம். வரம்பே அது! சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை விழுங்கி, மணி அடிக்கும் முன் தறிக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் அபராதம்.

ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சபை இருந்தது. பஜனையும் சமயச் சொற்பொழிவும் நடக்கும் சபை. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்னும் இரு சிறு வணிகர்கள் அதை நடத்தினார்கள். வேலை முடிந்த தொழிலாளிகள் அங்கே வந்து உட்காருவார்கள். புராணம் கேட்க வந்தவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் புண்ணையும் சொன்னார்கள். கேட்ட இருவரும் சும்மா இருக்கவில்லை. அன்னி பெசண்டின் பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவிடம் போனார்கள். தேசபக்தன் ஆசிரியர் திரு.வி.க.வை அழைத்தார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

எங்கே பிறந்தது, பார்த்தீர்களா? சட்டமன்றத்தில் அல்ல, மாளிகையில் அல்ல. வேலை முடிந்து நாலு பேர் கூடி உட்கார ஓர் இடம் இருந்ததே, அந்த இடத்தில்! இதை மனத்தில் வையுங்கள். பின்னால் இதற்கே வருவோம்.

நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தொழிலாளியைச் சங்கம் சேர்த்ததும், வேலை நிறுத்தத்துக்குத் தூண்டியதும் குற்றம் என்று வாடியா மீதும் மற்றவர் மீதும் வழக்கு. உயர் நீதிமன்றம் தடை ஆணை பிறப்பித்தது. சங்கம் வைப்பதே சட்ட விரோதமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அந்தக் கேள்விதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி கோலியது.

பிளவு தந்த பாடம்

வெற்றியை மட்டும் பேசி விட்டுப் போனால் நாம் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். 1921ஐப் பற்றியும் பேச வேண்டும்.

அந்த ஆண்டு பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் வேலை நிறுத்தமும் கதவடைப்பும் நடந்தன. தொழிலாளர் எல்லோரும் ஒன்றாக நின்றார்களா? இல்லை. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசினார்கள் மற்றவர்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29ஆம் நாள் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. வேலை நிறுத்தம் தோற்றது.

கருங்காலி என்று ஏசுவது எளிது. ஏன் திரும்பினார்கள் என்று கேட்டோமா? நிலமில்லை, சேமிப்பில்லை, ஒரு வாரம் கூலி நின்றால் அடுப்பு எரியாது. தெருவில் அவரைத் தள்ளி நிறுத்தியவரும், தண்ணீர்க் குழாயில் அவரைத் தனியே நிறுத்தியவரும், ஆலை வாயிலில் மட்டும் வா தோழா, ஒன்று சேர் என்று அழைத்தால் எப்படி நம்புவார்? முதலாளி பிளவை உண்டாக்கவில்லை, தோழர்களே; ஏற்கெனவே இருந்த பிளவைப் பயன்படுத்திக் கொண்டான். சாதி என்னும் ஆப்பை நாமே செதுக்கி அவன் கையில் கொடுத்திருந்தோம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1919 ஜூலையில், சிகாகோவில் என்ன நடந்தது தெரியுமா? தென் மாநிலப் பருத்திக் காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்புத் தொழிலாளர்கள் இறைச்சி ஆலைகளில் சேர்ந்திருந்தார்கள். வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் பலவற்றின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. வேலை நிறுத்தக் காலத்தில் முதலாளிகள் அவர்களையே உள்ளே இறக்கினார்கள். ஏரிக்கரையில் கறுப்புச் சிறுவன் ஒருவன் கல்லடி பட்டு மூழ்கி இறந்ததில் தொடங்கிய கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். ஆலை முதலாளிகளுக்கு என்ன நட்டம்?

சிகாகோ 1919. புளியந்தோப்பு 1921. அங்கே நிறம், இங்கே சாதி. நாடு வேறு, மொழி வேறு, தோல்வி ஒன்று!

ஆனால் பாடம் படித்தவர்களும் உண்டு. 1930களின் பிற்பகுதியில் சிகாகோ இறைச்சி ஆலைகளில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணி செய்த கறுப்பு ஊழியர்கள் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டு விடாமல் நின்று, 1937இல் புல்மன் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

இங்கே, 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம் அது. மீனவர் குலத்தில் பிறந்து வழக்கறிஞரான அவர்தான் சிகாகோவைச் சென்னைக்கு அழைத்து வந்தவர். மெரினாவில் பாறையைப் பெயர்க்கும் நால்வரை உழைப்பாளர் சிலையாக ராய் சௌத்ரி வடித்தார், 1959இல் நிறுவினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பூங்கா என்று வெள்ளை ஆளுநர் பெயரில் இருந்தது இன்று மே தினப் பூங்கா. நெசவாளருக்காகப் பிறந்த பேட்டையில் தொழிலாளியின் பெயரால் ஒரு பூங்கா, பொருத்தம்தானே!

பாட்டும் பந்தும் படிப்பகமும்

தொழிலாளி என்றால் கூலி, போனஸ், வேலை நிறுத்தம் இவை மட்டும்தானா? வடசென்னை அப்படி வாழவில்லை. தனக்கென்று ஒரு வாழ்வை அது உண்டாக்கிக் கொண்டது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள்கள் மாலையில் குத்துச்சண்டை மேடை ஏறின. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரைகளே உருவாயின. அந்தக் கதை 2021இல் திரைப்படமாக வந்தபோது நாடே பார்த்தது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் கையுறை அணிந்து காட்டினார். அமெரிக்கக் கறுப்பின வீரனை வடசென்னை தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியது.

மரப்பலகையும் காய்களும் இருந்தால் போதும், தெருவே கேரம் மன்றம். சென்னையின் மரிய இருதயம் உலக வாகை சூடி 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கம் வென்று வந்தார். கம்பெனித் துணியை வெளுத்தவர் பேட்டையிலிருந்து அமெரிக்கா போய் வென்ற பிள்ளை!

சாவு வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்து பாடிய பாட்டுதான் கானா. படித்தவர்கள் அதைப் பாட்டென்றே ஒப்புக் கொள்ளாத காலம் இருந்தது. சிகாகோவிலும் இதே கதைதான். மிசிசிப்பித் தோட்டத்தில் வேலை செய்த மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்கு வந்து பாடிய ப்ளூஸ் பாட்டை உலகம் பின்னால்தான் காது கொடுத்துக் கேட்டது. வலியைப் பாட்டாக்கத் தெரிந்தவன் உழைப்பாளி.

1920இல் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போடத் தொடங்கினார்கள். இன்று நாடு முழுதும் பேசும் சத்துணவுக்கு அது முன்னோடி. 1949 செப்டம்பரில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கூடிய கூட்டத்தில் ஓர் அரசியல் இயக்கம் தொடக்கம் கண்டது. பதினெட்டு ஆண்டுகளில் அது ஆட்சிக்கு வந்தது. எந்தக் கட்சியாயினும் சரி, வடசென்னையில் கால் ஊன்றியது எப்படி? படிப்பகத்தால்! ஓலைக் கூரை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நாலு நாளேடு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டவர்கள் நாளை படித்தவர்களானார்கள், மறுநாள் பேசினார்கள், அதற்கு மறுநாள் சங்கச் செயலாளரானார்கள்.

ஆலை வந்தது, வாழ்வு வந்ததா?

1996இல் பின்னி ஆலைகள் மூடப்பட்டன. சங்கம் பிறந்த இடத்தில் சங்கு ஊதுவது நின்றது. அதற்குள் தொழில் நகரத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தது. எங்கே போயிற்று? நம் பக்கம்தான்! கும்மிடிப்பூண்டிக்கு, திருப்பெரும்புதூருக்கு, ஒரகடத்துக்கு, காக்களூருக்கு. கடம்பத்தூர் ஒன்றியத்து மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து ஆணை வந்தது. நகரத்துக் கூவக்கரை ஏழைகளோ கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடு கிடைத்தது, வேலை தூரமாயிற்று. பழகிய தெருவும் மன்றமும் பின்னால் நின்றுவிட்டன.

ஆலை நம்மைத் தேடி வந்துவிட்டது. ஆலையோடு அந்த நகர வாழ்வும் வந்ததா? யோசித்துப் பாருங்கள்.

விடியும் முன் கம்பெனி பஸ் வருகிறது, ஏற்றிப் போகிறது. இருட்டிய பின் இறக்கி விடுகிறது. ஒரே தறியில் இருபது ஆண்டு நின்ற தொழிலாளிக்குப் பக்கத்துத் தறிக்காரன் அண்ணன், தம்பி. இன்று ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரிவதில்லை; பதினொரு மாதத்தில் ஆள் மாறிவிடும். கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் உலை முன் நின்று வேகின்றன. அவர்கள் தகரக் கொட்டகையில். நாம் நம் தெருவில். நம்மில் சிலர் அவர்களை வடக்கத்தியான் என்கிறோம். நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்கிறோம்.

தோழர்களே, இதே பேச்சை எங்கோ கேட்ட நினைவு வரவில்லையா? 1919இல் சிகாகோவில் கேட்டது. 1921இல் புளியந்தோப்பில் கேட்டது. குறைந்த கூலிக்கு அவர் வரவில்லை. அவரைக் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தார்கள். அவர் கூலி உயராமல் நம் கூலி உயராது. கணக்கு அவ்வளவுதான்.

போராட்டம் பழங்கதையும் அல்ல. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், 12 மணி நேர வேலைக்கு வழி வைக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1911ஆம் ஆண்டின் அதே 12! தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பாராமல் எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள் அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மே தினத்தில் வந்த அந்த அறிவிப்பை எழுதியது யார் கை என்றால், ஒன்றாக உயர்ந்த தொழிலாளர் கைகள். 2024இல், நமக்குப் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எதற்கு? சங்கத்தை ஏற்றுக் கொள் என்பதற்கு! 1918இல் பெரம்பூரில் கேட்டது, 2024இல் நம் வாசலில். சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று.

ஆகவே, நாம் செய்ய வேண்டியது என்ன?

முழக்கம் போதாது. பெரம்பூருக்கு ஒரு சபை இருந்ததைப் போல், வேலை முடிந்து நாலு பேர் கூடி உட்கார நமக்கு ஓர் இடம் வேண்டும். கடம்பத்தூரில் ஒன்று, காக்களூரில் ஒன்று, கும்மிடிப்பூண்டியில் ஒன்று. கைப்பேசியில் எல்லாம் வருகிறதே, படிப்பகம் எதற்கு என்பார் சிலர். கைப்பேசி செய்தி தரும். பக்கத்தில் உட்கார்ந்து தோள் தொட்டு, உனக்கு ஓவர்டைம் எவ்வளவு பிடித்தான், எனக்கு எவ்வளவு பிடித்தான் என்று கேட்குமா? அங்கே தமிழ் ஏடும் இருக்கட்டும், இந்தி ஏடும் இருக்கட்டும். சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், வாரத்துக்கு ஒரு மாலை அங்கே இருக்கட்டும். ஒரு கேரம் பலகை இருக்கட்டும். ஞாயிறு மாலைப் பந்தாட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளையும் பீகார்ப் பிள்ளையும் எதிர் எதிர் அணியில் வேண்டாம். கலந்து பிரித்த இரண்டு அணிகளாக ஆடட்டும். ஒரே பந்தைத் துரத்தியவர்கள் ஒரே கோரிக்கையின் கீழ் நிற்கக் கற்றுக் கொள்வார்கள்.

நம் ஒன்றியத்திலும் பின்னியிலும் பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாத்தாவிடம் போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள். ஆளுநர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நம்மவர் பெயர்கள் அவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. நினைவு நெடுநாள் நில்லாது.

தம்பி! சிகாகோ எந்தத் திசை என்று கேட்டாய். கடம்பத்தூர் நடைமேடையில் காலை வண்டிக்குக் காத்து நிற்கிறாயே, உன் பக்கத்தில் மொழி தெரியாமல், தூக்குச் சட்டியோடு ஒருவன் நிற்பான். நாளைக் காலை அவனிடம் பெயரைக் கேள். உன் பெயரைச் சொல். அந்தத் திசைதான்.